சித்தி கேட்ட பெப்டைட் ஊசி

முதல்லயே சொல்லிப்போடுறன், வாட்ஸ்அப்பில கொஞ்ச நாளா சுத்திக்கொண்டிருக்கிற அந்த "கன்சருக்கு பெப்டைட் ஊசி வந்திட்டுது" வொய்ஸ் நோட் முழுப்பொய் இல்ல (பெப்டைட் எண்டது புரதத்தின்ட சின்னத் துண்டு மாதிரி, விபரம் பிறகு). அதுதான் பிரச்சினையே. முழுப்பொய்யா இருந்தா எங்கட சனமே ரெண்டு நாளில பிடிச்சிடும், இது அரைவாசி உண்மை, மிச்சம் ஆரோ மருந்து விக்கிற ஆள் கண்ணும் மூக்கும் வைச்சுச் சொன்ன கதை. ரெண்டையும் பிரிச்சு எடுக்கத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இருங்க.

எனக்கு அதை அனுப்பினது எங்கட சித்தி. உப்புவெளியில இருக்கிறா. மார்பில கட்டி எடுத்து, கீமோ எல்லாம் முடிஞ்சு, இப்ப கிளினிக் மட்டும்தான். ரிப்போட், ஸ்கேன், மருந்துத் துண்டு எல்லாத்தையும் ஒரு சீலைக்கடை பேக்குக்குள்ள அடுக்கி வைச்சிருக்கிறா, இரவு பஸ்ஸில மகரகமை கன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகேக்க அந்த பேக் மேல தட்டில ஏறாது, விடியும்வரைக்கும் மடியிலதான். வொய்ஸ் நோட்டோட சேத்து அவ சொன்னது இதுதான்: "தம்பி, நீ பயோ படிப்பிக்கிறனிதானே, இது இந்தியாவில எடுக்கலாமாம், என்ன ஏதெண்டு ஒருக்கா பாத்துச் சொல்லு, காப்பை வைச்செண்டாலும் எடுப்பம்." காப்பு எண்டு வந்த உடன எனக்கு வயித்தைக் கலக்கிட்டுது. அதனாலதான் உக்காந்து ஒழுங்கா வாசிச்சன். நான் ஏ.எல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், டொக்டர் இல்ல, அதை மனசில வைச்சுக்கொண்டு வாசிங்க.

சரி, விசயத்துக்கு வருவம். அந்த வொய்ஸ் நோட்டில ஒரு வசனம், "கட்டிக்குள்ள இருக்கிற கெட்ட நோயெதிர்ப்புக் கலங்களைத் தேடிப்போய்ப் பிடிக்கிற பெப்டைட்" எண்டு. இந்த வசனம் சரி. இப்பிடி ஒரு ஆராய்ச்சி உண்மையிலயே நடக்குது. ஆனா நோயெதிர்ப்புக் கலம் எப்பிடிக் கெட்டதாகும்? இதைத்தான் எங்கட கிளாஸ் பெடியளும் கேட்டவங்கள், ஏனெண்டா புத்தகத்தில மக்ரோபேஜ் எண்டா கிருமியை விழுங்கிற நல்ல பிள்ளை.

மக்ரோபேஜின்ட கதை கடற்கரையில தொடங்கினது. 1882இல இத்தாலியில மெசினா எண்ட கடற்கரை ஊரில இல்யா மெச்னிகோவ் எண்டவர் நட்சத்திரமீன்ட குடம்பிக்குள்ள சின்ன முள்ளுகளைக் குத்தி விட்டிட்டு அடுத்தநாள் பாத்தா, முள்ளைச் சுத்திக் கலங்கள் வந்து மொய்ச்சு நிக்குது. குடம்பி கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கிறபடியா மைக்ரோஸ்கோப்பில அப்பிடியே தெரிஞ்சிருக்கு. அங்க இருந்துதான் 'தின்கலம்' எண்ட யோசனை வந்தது, 1908இல போல் ஏர்லிக்கோட சேத்து அவருக்கு நோபல் பரிசும் குடுத்தினம். டச்பே கடற்கரையில ஓடித்திரிஞ்ச பெடியளுக்கு இதைச் சொன்னா உடன பிடிச்சிடும், அடுத்த ட்ரிப்பில நட்சத்திரமீன் பிடிச்சுக்கொண்டு வாறன் சேர் எண்டு ஒருத்தன், தேவையில்ல தம்பி எண்டு நான்.

ஆனா அந்தப் பாடத்தில குறைவாச் சொல்லப்படுற ஒரு விசயம் இருக்கு. மக்ரோபேஜுக்கு விழுங்கிறது மட்டும் வேலை இல்ல. காயம் பட்டா முதல்ல வந்து அழுக்கைத் துப்புரவாக்கும், கிருமியோட சண்டை பிடிக்கும், பிறகு அதே இடத்தில தன்ர குணத்தை மாத்திக்கொண்டு காயத்தை ஆத்திற வேலைக்கு இறங்கும். புது ரத்தக்குழாய் வளர சிக்னல் குடுக்கும், பழைய இழையத்தை வெட்டி வழி விடும், "சண்டை காணும், நிப்பாட்டுங்க" எண்டு மத்த நோயெதிர்ப்புக் கலங்களை அடக்கும். இதெல்லாம் காயத்துக்கு வேணும், இல்லாட்டி சைக்கிளால விழுந்து சிராய்ச்ச முழங்கால் ஆறவே ஆறாது.

இப்ப இதே வேலையை ஒரு கட்டிக்குள்ள செய்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. கட்டி சிஎஸ்எஃப்-1, சிசிஎல்2 எண்டு சில புரதங்களை விடும், அதைப் பிடிச்சுக்கொண்டு ரத்தத்தில இருக்கிற மொனோசைட் எண்ட வெள்ளைக் கலங்கள் கட்டிக்குள்ள வரும், வந்து மக்ரோபேஜா மாறும். அங்க இருக்கிற சூழல் அதை காயம் ஆத்திற குணத்துக்குத் திருப்பிவிடும். கட்டிக்கு ரத்தக்குழாய் வேணும், இது விஈஜிஎஃப் எண்ட சிக்னல் புரதத்தை விட்டு வளத்துக் குடுக்கும். கட்டிக்கு வெளியில பரவ வழி வேணும், இது நொதியத்தால இழையத்தைக் கரைச்சு வழி விடும். கன்சர் கலத்தைக் கொல்லுற ரீ கலங்கள் (T cells) வந்து அடிக்கக்கூடாது, இது அதுகளையும் அடக்கி வைக்கும். ஹரோல்ட் ட்வோராக் எண்ட நோயியல் நிபுணர் 1986இலயே கட்டி எண்டது ஆறாத காயம் எண்டு எழுதினவர், நான் வாசிச்சதுக்குள்ள இந்த விசயத்தை இதைவிட நல்லா ஆரும் சொல்லேல்ல. சில மார்புக் கட்டியளில நிறையில பாதியளவு கூட மக்ரோபேஜா இருக்கலாமாம். அதாவது சித்தியின்ர கட்டி எண்டு நாங்க சொன்னதில ஒரு பங்கு சித்தியின்ர சொந்த, கன்சர் இல்லாத கலம். இதைச் சொல்லேக்க அவ கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு "அப்ப என்ர உடம்பே எனக்கு எதிரா நிண்டதா" எண்டு கேட்டா. எதிரா இல்ல சித்தி, அதுக்குத் தெரிஞ்ச வேலையைப் பிழையான இடத்தில செய்திட்டுது எண்டு சொன்னன், சமாதானம் பண்ணச் சொன்னது இல்ல, அதுதான் உண்மையும்.

அப்ப அந்த மக்ரோபேஜுகளை அழிச்சா சரிதானே எண்டு தோணும். ஆராய்ச்சிக்காரருக்கும் அப்பிடித்தான் தோணினது. ஆனா உடம்பு முழுக்க மக்ரோபேஜ் இருக்கு, ஈரலில, நுரையீரலில, மூளையில, எலும்பில, எல்லா இடத்திலயும், எல்லாம் கட்டிக்கு வேலை செய்யிறது இல்ல. பெக்சிடார்டினிப் எண்டு ஒரு குளிசை, மக்ரோபேஜ் உயிரோட இருக்கத் தேவையான சிஎஸ்எஃப்-1 சிக்னலை அடைக்கிறது, 2019இல அமெரிக்காவில மூட்டுப்பக்கம் வாற ஒருவகை அரிதான கட்டிக்கு அனுமதி குடுத்தினம், அதுக்கு அது வேலை செய்யுது, ஆனா ஈரலைத் தாக்கும் எண்டு பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டுத்தான் குடுத்தது. இன்னொரு பக்கம் எலியளில சிசிஎல்2ஐ அடைச்சுப் பாத்தவை, மருந்து குடுக்கிற வரைக்கும் கட்டி பரவுறது குறைஞ்சிருக்கு, நிப்பாட்டின உடன எலும்பு மச்சைக்குள்ள தேங்கி நிண்ட மொனோசைட்டுகள் ஒரேயடியா வெளியில வந்து முந்தியைவிட வேகமாப் பரவியிருக்கு. 2014இல வந்த முடிவு இது. நான் வாசிச்சதிலயே தூக்கிவாரிப்போட்டது இதுதான். ஆக எல்லாத்தையும் ஒரேயடியா அடிக்கிறது சரிவராது, கட்டிக்குள்ள இருக்கிற, அதிலயும் அந்தக் குணத்தில இருக்கிற மக்ரோபேஜை மட்டும் பிடிக்க வேணும். அதுக்கு அடையாளம் வேணும்.

அடையாளம்தான் ரிசெப்டர், எங்கட ஏ.எல் புத்தகத்தில வாங்கி எண்டு வரும். கலத்தின்ட மேற்பரப்பில நீட்டிக்கொண்டு நிக்கிற புரதம். கட்டியோட சேந்து நிக்கிற மக்ரோபேஜ் கனக்கப் பேரில சிடி206 எண்ட வாங்கி அதிகமா இருக்கும், மனோஸ் ரிசெப்டர் எண்டும் சொல்லுவினம், ஏனெண்டா மதுவம், பக்டீரியா மாதிரிக் கிருமியளின்ட மேல இருக்கிற மனோஸ் எண்ட சீனியைப் பிடிக்கிறது அதின்ட வேலை. இதில ஒரு வசதி என்னெண்டா, சிடி206 சும்மா மேல நிக்கிறது இல்ல, பிடிச்ச சாமானோட கலத்துக்குள்ள போகும், உள்ள இறக்கிப்போட்டுத் திரும்ப மேல வரும், திரும்பப் பிடிக்கும். மருந்தை உள்ள அனுப்ப நினைக்கிற ஆளுக்கு இதைவிட என்ன வேணும்.

இனித்தான் பெப்டைட். அமினோ அமிலங்கள் சிலதைச் சேத்துக் கட்டின சின்னச் சங்கிலி, பெருசா வளந்தா புரதம். இன்சுலினும் ஒரு பெப்டைட்தான், 51 அமினோ அமிலம். அப்ப சுகர் வருத்தக்காரர் கனபேர் நாளாந்தம் பெப்டைட் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கினம், அதை ஒருத்தரும் அற்புதம் எண்டு வொய்ஸ் நோட் போடுறேல்ல.

எஸ்தோனியாவில தார்த்து எண்ட ஊரிலயுள்ள பல்கலைக்கழகத்தில பாப்லோ ஸ்கோடெல்லர், தம்பெத் தேசலு எண்டவையும் அவையின்ட ஆக்களும் 2017இல ஒரு பெப்டைட்டைப் பத்தி எழுதினவை. அதுக்கு யூனோ எண்டு பேர் வைச்சிருக்கினம். ஒன்பதே ஒன்பது அமினோ அமிலம்: சிஸ்டீன், செரின், புரோலின், கிளைசின், அலனின், லைசின், வலின், ஆர்ஜினின், திரும்ப சிஸ்டீன். கிளாஸில போர்ட்டில எழுதிப்போட்டன், ஒரு பிள்ளை "இவ்வளவுதானா சேர்" எண்டு கேட்டுது. இவ்வளவுதான். இப்ப ஆஸ்பத்திரியளில ஏத்திற அன்டிபொடி (பிறபொருளெதிரி எண்ட பெரிய புரதம்) வகைக் கன்சர் மருந்துகளோட பாத்தா யூனோ அதுகளின்ட நிறையில நூத்தைம்பதில ஒரு பங்குக்கும் குறைவு. சின்னதா இருக்கிறதால ரத்தக்குழாயை விட்டு இறங்கி இழையத்துக்குள்ள சுகமா நுழையும், செய்யிறதுக்கும் செலவு குறைவு.

இந்த ஒன்பதை எப்பிடிக் கண்டுபிடிச்சினம் எண்ட கதைதான் எனக்கு இதில ஆகப் பிடிச்சது, அதால கொஞ்சம் விலாவாரியாச் சொல்லப்போறன், அவசரமான ஆக்கள் அடுத்த பந்திக்குப் போங்க. பக்டீரியாவைத் தாக்கிற வைரஸ் இருக்கு, பேஜ் எண்டு சொல்லுறது. அதின்ட மரபணுவுக்குள்ள ஒரு சின்னத் துண்டு டிஎன்ஏயைச் செருகினா, அதுக்குரிய பெப்டைட் வைரஸின்ட வெளிப்பக்கத்தில முளைச்சு நிக்கும். மிசூரிப் பல்கலைக்கழகத்தில ஜோர்ஜ் ஸ்மித் 1985இல இதைச் செய்து காட்டினவர், 2018இல அதுக்காக இரசாயன நோபல் பரிசில ஒரு பங்கு கிடைச்சது. இப்ப, ரெண்டு பக்கமும் சிஸ்டீன், நடுவில ஏழு இடம் வெறுமையா இருக்கு எண்டு வைங்க. ஒவ்வொரு இடத்திலயும் 20 அமினோ அமிலத்தில எதுவும் வரலாம். 20ஐ ஏழு தரம் பெருக்கினா 128 கோடி. அத்தனை விதமான பெப்டைட்டை வெளியில காட்டிக்கொண்டு நிக்கக்கூடிய வைரஸ் கூட்டம் ஒண்டு சின்னக் குழாய்க்குள்ள அடங்கும். இதை மார்புக் கட்டி இருக்கிற எலிக்குள்ள விடுறது. எந்த வைரஸ் போய் மக்ரோபேஜில ஒட்டுதோ அதைத் திரும்ப எடுத்து, பக்டீரியாவில பெருக்கி, திரும்ப எலிக்குள்ள விட்டு, திரும்ப எடுத்து... இப்பிடிப் போகப் போக ஒட்டாதது எல்லாம் கழிஞ்சுபோகும், ஒட்டுறது மட்டும் கூடிக்கொண்டு வரும். கடைசில டிஎன்ஏயை வாசிச்சா எந்த ஏழு எழுத்து எண்டு வெளியில வரும். ஒருத்தரும் மேசையில இருந்து வடிவமைக்கேல்ல, எலியின்ட உடம்பே தெரிஞ்சு எடுத்துக் குடுத்தது. லொத்தர் சீட்டில ஏழு நம்பர் பொருந்தினாலே கோடீஸ்வரன், இவை 128 கோடிக்குள்ள இருந்து ஒண்டைப் பிடிச்சிருக்கினம்.

அதுக்கு மினுங்கிற சாயம் ஒண்டை ஒட்டி எலியின்ட நாளத்தில ஏத்திப் பாத்தா, மார்புக் கட்டி, மெலனோமா எண்ட தோல் கன்சர், மூளைக் கட்டி, இரைப்பைக் கட்டி எல்லாத்திலயும் சிடி206 இருக்கிற மக்ரோபேஜில போய்ச் சேந்திருக்கு. அதைவிட ஒரு சுவாரசியம். ரெண்டு சிஸ்டீனும் கைகோத்து வளையமா நிக்கிற பெப்டைட் இது, ஆனா வளையம் திறந்து நேரான பிறகுதான் சிடி206ஓட ஒட்டுது. ஒட்டுற வேலையைச் செய்யிறது முன்பக்கத்துத் துண்டுதான். பிறகு அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, ஆறு அமினோ அமிலம், எம்-யூனோ எண்டு வைச்சினம்.

இப்ப வொய்ஸ் நோட் ஆளுக்கு வருவம். அவர் சொல்லாம விட்ட விசயம், இந்த யூனோவோ எம்-யூனோவோ தனியப் போட்டா அது கன்சரை ஒண்டும் செய்யாது. அது ஒரு விலாசம். கடிதத்தில வெறும் விலாசத்தை மட்டும் எழுதி உள்ளுக்க ஒண்டும் வைக்காம அனுப்பினா தபால்காரர் கொண்டுபோய்க் குடுப்பார், பிரிச்சுப் பாத்தா வெறும் உறை. உறைக்குள்ள என்ன வைக்கிறது எண்டதுதான் மிச்ச ஆராய்ச்சி முழுக்க.

உதாரணத்துக்கு ஒண்டு. ஹெல்சிங்கி ஆக்களும் தார்த்து ஆக்களும் சேந்து 2020இல செய்தது. மரத்தில இருக்கிற லிக்னின், விறகுக்கு உறுதி குடுக்கிற அதே சாமான், அதில நனோ உருண்டை செய்து, அதுக்குள்ள ரெசிகுவிமொட் எண்ட மருந்தை அடைச்சு, வெளியில எம்-யூனோவை ஒட்டி விட்டினம். ரெசிகுவிமொட் மக்ரோபேஜை "கிருமி வந்திட்டுது, எழும்பு" எண்டு உசுப்பிற மருந்து. உடம்பு முழுக்க விட்டா காய்ச்சல், வீக்கம் எண்டு ஆளையே படுக்கையில போட்டிடும், அதால விலாசம் போட்டு அனுப்பத்தான் வேணும். கட்டிக்குள்ள போனது காயம் ஆத்திற குணத்தில நிண்ட மக்ரோபேஜைத் திரும்ப சண்டை பிடிக்கிற குணத்துக்கு மாத்தியிருக்கு, கூட வின்பிளாஸ்டின் எண்ட கீமோ மருந்தும் குடுத்தபோது அந்தக் கீமோ இன்னும் நல்லா வேலை செய்திருக்கு. வின்பிளாஸ்டின் வாறது நித்தியகல்யாணிச் செடியில இருந்து, எங்கட வேலிக்கரையில ஆடுமாடும் கடிக்காம நிக்குமே அந்த ஊதாப்பூ. உடன பிடுங்கி அவிச்சுக் குடிக்கப் போகாதேங்க, தயவுசெய்து. அதில கொஞ்சத்திலயும் கொஞ்சம்தான் மருந்து, மிச்சத்தில என்னென்ன நஞ்சு இருக்கு எண்டு செடிக்குத்தான் தெரியும்.

அழிக்கிற வழியும் பாத்திருக்கினம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில 2013இல எம்2பெப் எண்டு இன்னொரு பெப்டைட், அதோட கலத்துக்குச் சக்தி குடுக்கிற இழைமணியை உடைச்சு சாகடிக்கிற வேற ஒரு பெப்டைட்டைக் கோத்து எலிக்குக் குடுத்து, கட்டியில இருக்கிற காயம் ஆத்திற வகை மக்ரோபேஜ் குறைஞ்சு எலிகள் கூட நாள் உயிரோட இருந்ததா எழுதியிருக்கினம். இன்னும் ஒண்டு ஆர்பி-182, பத்து அமினோ அமிலம், 2020இல வந்தது, இது எனக்கு வித்தியாசமாப் பட்டது ஏனெண்டா இதுக்குச் சுமை ஒண்டும் தேவையில்ல, தானே போய் சிடி206இல ஒட்டி அந்த வாங்கியின்ட வடிவத்தையே மாத்தி, மக்ரோபேஜின்ட குணத்தைத் திருப்பிவிடுது. கணையப் புற்றுநோய் எலியளில செய்து பாத்தது. மேல விலாசம் எண்டு சொன்னனே, அந்தக் கணக்குக்குள்ள அடங்காத ஆள் இது.

கவனிச்சிருப்பீங்க, எல்லாம் எலி. சித்தியும் கவனிச்சிட்டா. "தம்பி, இவ்வளவு நேரமும் எலிக்கதைதானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்." ஓம் சித்தி, எலிக்கதைதான்.

எலியில இருந்து மனிசருக்கு வாற வழியில என்னென்ன முட்டுக்கட்டை எண்டு பாப்பம். முதலாவது, ரத்தத்தில பெப்டைட்டை வெட்டிற நொதியங்கள் நிறைய இருக்கு, வெட்டாததை சிறுநீரகம் வடிச்சு வெளியில தள்ளிடும், நிமிசக்கணக்கிலயே காணாமப்போற பெப்டைட்டுகள் இருக்கு. அதுக்கு வளையமாக்கிறது, கண்ணாடியில பாத்த மாதிரி இடம்வலம் மாறின அமினோ அமிலத்தைப் போடுறது, நனோ உருண்டையில ஏத்திறது எண்டு பல வேலை செய்யினம். ரெண்டாவது, எனக்குப் பெரிசாப் படுறது இதுதான், அந்த சிடி206 கட்டியில மட்டும் இல்ல. ஈரலின்ட சின்ன ரத்தக்குழாய்ச் சுவரில இருக்கிற கலங்களில நிறைய இருக்கு, ரத்தத்தில மிதக்கிற தேவையில்லாத சாமானைப் பிடிச்சு அகத்திறதுக்காக. அப்ப அந்த விலாசத்துக்கு ரெண்டு வீடு, அதில பெரிய வீடு ஈரல். உறைக்குள்ள நஞ்சு வைச்சு அனுப்பினா எங்க இறங்கும் எண்டு நீங்களே யோசிங்க. மூண்டாவது, கட்டிக்குள்ள இருக்கிற மக்ரோபேஜுகள் நல்லது, கெட்டது எண்டு ரெண்டு கோஷ்டியா நிக்கிறேல்ல. சண்டை பிடிக்கிறது எம்1, காயம் ஆத்திறது எம்2 எண்டு நாங்க கிளாஸில பிரிச்சுச் சொல்லுறது பிள்ளையளுக்கு விளங்கத்தான், உண்மையில ரெண்டுக்கும் நடுவில கனக்க நிலை இருக்கு, ஒரே கட்டியின்ட ஒரு மூலையில ஒரு மாதிரி, மத்த மூலையில வேற மாதிரி.

மக்ரோபேஜை வைச்சுச் செய்யிற வைத்தியத்தில பெரிய காசுகாரரே சறுக்கியிருக்கினம். சிடி47 எண்டு ஒரு புரதம், கன்சர் கலம் அதைக் காட்டித்தான் மக்ரோபேஜிட்ட "என்னைத் தின்னாத" எண்டு தப்புது. அதை மறைக்கிற அன்டிபொடி மக்ரோலிமாப், அதைச் செய்துகொண்டிருந்த கொம்பனியை 2020இல ஜிலியட் எண்ட பெரிய அமெரிக்க மருந்துக் கொம்பனி 490 கோடி டொலர் குடுத்து வாங்கினது. 2023, 2024இல ரத்தப் புற்றுநோய்க்குச் செய்த பெரிய பரிசோதனையளை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிப்பாட்ட வேண்டி வந்தது. எலியில அவ்வளவு அழகா வேலை செய்த சாமான் அது. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டு நான் சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதை வாசிச்சிட்டு ஒண்டும் நடக்காதாம் எண்டு எடுக்காதேங்க. பெப்டைட் விலாசம் எண்ட யோசனை மனிசரில ஏற்கனவே வேலை செய்யுது, வேற வாங்கிக்கு. சொமட்டோஸ்டட்டின் எண்ட ஹோர்மோனின்ட வாங்கி ஹோர்மோன் சுரக்கிற கலங்களில வாற சிலவகை நியூரோஎண்டொக்கிரைன் கட்டியளில நிறைய இருக்கும், அதுக்குப் போய் ஒட்டுற எட்டு அமினோ அமிலப் பெப்டைட்டில லுட்டீசியம்-177 எண்ட கதிர்வீச்சு மூலகத்தைக் கட்டிச் செய்த லுட்டாதெரா எண்ட மருந்து 2018 ஜனவரியில அமெரிக்காவில அனுமதி எடுத்தது. அது கன்சர் கலத்தையே நேராத் தேடிப் போறது, மக்ரோபேஜை இல்ல, ஆனா வழி ஒண்டுதான். சிடி206 விலாசத்துக்கும் மனிசரில சாட்சி இருக்கு, டில்மனோசெப்ட் எண்டு, 2013இல அனுமதிச்சது. இது பெப்டைட் இல்ல, மனோஸ் சீனி ஒட்டின சாமான், கதிர்வீச்சு அடையாளத்தோட கட்டிக்குப் பக்கத்தில ஊசியால போட்டா முதல் நிணநீர்க் கணுவில இருக்கிற மக்ரோபேஜில போய்த் தங்கும், சேர்ஜன் அந்தக் கணுவைக் கண்டுபிடிச்சு எடுத்துப் பரிசோதிக்கலாம். மருந்து இல்ல, வழிகாட்டி. ஆனா சிடி206ஐத் தேடிப் போற சாமானை மனிசருக்கு ஆபத்தில்லாமக் குடுக்கலாம் எண்டதுக்கு அது போதும், என்ர எண்ணத்தில முதல்ல ஆஸ்பத்திரிக்கு வரப்போறதும் இப்பிடி ஸ்கேனில காட்டிக் குடுக்கிற வகைதான், அழிக்கிற வகை பிறகுதான். காட்டிக் குடுக்க மிகச் சின்ன அளவு காணும், ஈரலில கொஞ்சம் தங்கினாலும் பெரிசா ஒண்டும் ஆகாது.

இனி அந்த ஊசியை விக்கிற ஆளின்ட கதை. வொய்ஸ் நோட்டின்ட கடைசில ஒரு நம்பர் குடுத்திருந்தது. எடுத்துக் கேட்டன். எந்தப் பெப்டைட் எண்டு கேட்டா "இம்யூன் பெப்டைட்" எண்டார். எந்த வாங்கியில ஒட்டும் எண்டு கேட்டன், "எல்லாத்திலயும்" எண்டார். எல்லாத்திலயும் ஒட்டுற விலாசம்! அதோட நான் ஃபோனை வைச்சிட்டன். கொஞ்சம் தோண்டிப் பாத்தா இந்த மாதிரி ஆக்கள் விக்கிறது பெரும்பாலும் ஜிம் பெடியள் தசைநார் நோவுக்கெண்டு ஒன்லைனில எடுக்கிற பெப்டைட் தூள் குப்பியள்தான், லேபிளில "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிசர் பாவனைக்கல்ல" எண்டு சின்ன எழுத்தில இருக்கும். அதுகளில பேர்போன ஒண்டு விலங்குகளில புது ரத்தக்குழாய் வளரத் தூண்டுது எண்டு காட்டியிருக்கு. தசைநாருக்கு அது நல்ல செய்தியா இருக்கலாம். கட்டி எடுத்த ஆளுக்கு? மேல மக்ரோபேஜ் கட்டிக்குச் செய்யிற உதவியில முதலாவதா என்னத்தைச் சொன்னன் எண்டு ஒருக்காத் திரும்பிப் பாருங்க. எனக்குக் கோவம் வந்ததும் அந்த இடத்திலதான், ஏமாத்திறது ஒரு பக்கம், இது கெடுதலாவும் முடியலாம்.

சித்தியிட்ட நான் கடைசியாச் சொன்னது, உங்கட கட்டியின்ட ரிப்போட்டில ஹோர்மோன் வாங்கி பொசிட்டிவ் எண்டு இருக்கு, அதுக்குத்தான் தினம் அந்தச் சின்னக் குளிசை குடிக்கிறீங்க, அதுவும் வாங்கியை வைச்சுச் செய்யிற வைத்தியம்தான், அதை ஒரு நாளும் தவறவிடாதேங்க எண்டு. அவவுக்கு அது புதுசு. "இது வெறும் மிச்சக் குளிசை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" எண்டா. கீமோ முடிஞ்சா வைத்தியம் முடிஞ்சுது, குளிசை சும்மா சத்துக்கு எண்டு நினைச்சு இடைக்கிடை விடுற ஆக்கள் எத்தினை பேரோ. கிளினிக்கில டொக்டருக்கு ஒரு ஆளோட கதைக்க மூண்டு நாலு நிமிசம்தான் கிடைக்கும், சனம் அவ்வளவு, அதுக்குள்ள இதெல்லாம் ஆர் விளங்கப்படுத்திறது.

கிளாஸ் பிள்ளையளுக்கு இதை ஒரு பாடமாவே எடுத்தன், சிலபஸில இல்லாட்டிலும் பரவாயில்ல எண்டு. முடியேக்க பின் வாங்கில இருக்கிற ஒரு பிள்ளை, வழமையா வாயே திறக்காது, கேட்டுது: "சேர், ஒப்பரேஷன் செய்த காயம் ஆறவும் அதே மக்ரோபேஜ்தானே வேணும், அப்ப இந்த மருந்தை எப்ப குடுக்கிறது?" நல்ல கேள்வி. ஒப்பரேஷனுக்கு முன்னமே குடுத்து முடிக்கலாம், இல்லாட்டி காயம் ஆறி முடியும்வரைக்கும் பொறுக்கலாம், ஆனா பொறுத்தா அந்த இடைவெளிக்குள்ள தப்பி நிக்கிற கன்சர் கலத்துக்கும் அதே ஆத்திற சிக்னல் போய்ச் சேரும். அதையும் போர்ட்டில எழுதிவிட்டுத்தான் பெல் அடிச்சன், அடுத்த கிழமை பிள்ளையள் என்ன சொல்லுதுகள் எண்டு பாப்பம்.